சிவப்பு வரவில்லை

யார்டு வேலைக்கான பயிற்சித் தேர்வில் அக்ஷய் நூற்றுக்கு நூறு வாங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பியாயிற்றே. பெஹாலாவில் எங்கள் அக்கம்பக்கம் முழுக்க அம்மா சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள்.

அந்தப் பயிற்சி புரோகிராமை எழுதியவளும் நான்தான். 2007. சாந்த்ராகாச்சிப் பக்கம் ஒரு தனியார் ரயில் சரக்கு யார்டு. வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கண்ணை மூடினாற்போல் ஒரு ஹெட்செட்டை மாட்டி, உள்ளே கம்ப்யூட்டர் யார்டைக் காட்டுவோம். பார்வை படாத பக்கத்திலிருந்து வேகன் வந்தால் அந்த ஓரம் சிவப்பாக மினுங்கும். திரும்பிப் பார்த்து ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் அவனுக்கு நிஜ யார்டில் முதல் ட்யூட்டி. அவன் செய்ததைத் திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு வராத நேரத்தில் அந்தக் கழுதை ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. இன்னொரு முறை செய்துவிட்டுப் போ என்று அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, சிவப்பை மட்டும் அவனிடம் சொல்லாமல் அணைத்தேன்.

பின்பக்கமிருந்து வேகன் வந்தது. திரும்புடா, திரும்புடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் நேராகப் பார்த்தபடியே நடந்தான். வேகன் மோதித் திரை கறுத்தது.

அவனோ ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

“மெஷின் கெட்டுப்போச்சுக்கா. செவப்பே வரல.”

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் கழுத்து வேலை செய்யவில்லை என்று எரிந்து விழுந்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். டீக்கடை தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம்.

அது உறைத்ததும் வாசலுக்கு ஓடினேன். எஞ்சின் தள்ளிவிட்ட காலி வேகன்கள் சத்தமில்லாமல் தாமாக உருண்டு வந்துகொண்டிருந்தன. அவன் அதே தண்டவாளத்தில் காலை வைத்திருந்தான். பேரைச் சொல்லிக் கத்தினேன். அவன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான், வேகனை அல்ல. பாவி நான், அவனை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டேன். வேகன் வரும் பக்கம் கையை நீட்டினேன்.

அவன் கண் என் கையோடு போனது. பாய்ந்தான். வேகன்கள் எங்களுக்கு நடுவே உருண்டன. அவை கடந்து முடியும்வரை அவன் இருக்கிறானா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் ஜல்லியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“நல்லவேளை, நீ கை காட்டினேக்கா.”

“நாளைக்குக் கை காட்ட நான் இருக்க மாட்டேன்டா,” என்றேன்.

தலையாட்டினான். எழுந்து இந்தப் பக்கம் வந்தான். வரும்போதும் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.