சான் என்றால் இல்லை

குமாஸ்தா தொமினிக் கல்யாணப் பதிவேட்டை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர், பெண்ணின் தாய் குஞ்சம்மாளின் பெயருக்குப் பின்னால் ‘சான் ப்ரொஃபெசியோன்’ என்றார். மை தொட்ட கட்டைவிரலை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகியும் பதிவேடு பிரெஞ்சிலேயே இருந்தது. அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் ‘சான்’ தெரியும். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளைக்கார வீட்டுப் பின்வாசல்களில் மீன்கூடை இறக்கியவள். ‘சான் தெத்’ என்றால் தலையை வெட்டிப் போட்டுவிட வேண்டும். ‘சான் அரேத்’ என்றால் முள் இருக்கக் கூடாது. சான் என்றால் இல்லை. அடுத்த சொல்லைச் சற்றுமுன்தான் காதில் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை வைத்திலிங்கத்தின் ப்ரொஃபெசியோன் பிரெஞ்சுப் பட்டாளம். செத்துப்போன அவள் புருஷனுக்கு மீன்பிடிப்பு.

“முசியே, எனக்குத் தொழில் இல்லேன்னா எழுதியிருக்கீங்க?”

“பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தாம்மா எழுதறது. விரலை வை.”

“செத்து எட்டு வருசமான மனுசன் உங்க ஏட்டுல இன்னும் கடலுக்குப் போறாரு. கூடை தூக்கற நான் சும்மா குந்தியிருக்கேனா? நான் என்ன தலை வெட்டின மீனா?”

தொமினிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “அடிச்சா ஓரத்துல திருத்தம் எழுதணும். இங்க நிக்கற எல்லாரும் அதுக்குக் கீழ கையெழுத்துப் போடணும்.”

மாப்பிள்ளையின் அப்பா தெய்வநாயகம், பட்டாளத்துப் பென்ஷன்காரர், தொண்டையைச் செருமினார். “சம்பந்தியம்மா, இந்தக் காகிதம் பட்டாளத்து ஆபீசுக்குப் போவுது. மீன்காரின்னு எழுதி அதுல நான் கையெழுத்துப் போடணுமா? வெள்ளிக்கெழம இவன் பட்டாளத்துக்குத் திரும்பற கப்பல். நான் போடலேன்னா காகிதம் இல்ல. காகிதம் இல்லேன்னா எம் புள்ள தனியாத்தான் ஏறுவான்.”

குஞ்சம்மாள் மகள் அன்னக்கிளியைப் பார்த்தாள். குப்பத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் செர்த்திஃபிகா பரீட்சை தேறிய முதல் பெண். அந்தப் படிப்பு இந்தக் கூடையில் வந்தது. முந்தாநாள் ஏறிய தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. அவளை ஒரு சொல்லுக்காகக் கரையில் நிறுத்திவிட்டால்? எத்தனையோ விழுங்கியாயிற்று, இதையும் விழுங்கலாம். கட்டைவிரல் தாளை நோக்கி நகர்ந்தது.

“வைக்காதம்மா” என்றாள் அன்னக்கிளி.

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஓரத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே தன் பெயரை நிறுத்தி எழுதினாள்.

“மேல எழுதுங்க முசியே. மீன் வியாபாரம். பிரெஞ்சுல வார்த்த தெரியலேன்னா நான் சொல்றேன்.”

பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள். வைத்திலிங்கம் வாங்கிக்கொண்டான்.

“டேய்” என்றார் தெய்வநாயகம்.

அவன் நிமிரவில்லை. பேனா ஓரத்தில் அவள் பெயருக்குக் கீழே, தாளைத் தொடாமல் நின்றது. அதன் முனையில் ஒரு சொட்டு மை திரண்டு கனத்துக்கொண்டிருந்தது. எதிரே, முள் கிழித்த தழும்பெல்லாம் கறுத்துத் தெரிய, குஞ்சம்மாளின் கட்டைவிரல் தூக்கியபடியே இருந்தது.