பெண்கள் பக்கத்து வெயில்

தண்ணி இடுப்புக்கு வந்திட்டுது. தம்பி லோசி அம்மான்ர தோளில தலை தொங்கிப்போய்க் கிடக்கிறான். முன்னுக்கு நான். எனக்கு நீந்தவும் தெரியாது. பின்னால வலன்ரைன் மாமா பெட்டியைத் தலையில வச்சுக்கொண்டு, "சிஸ்கா, பிழையெண்டா இப்பவே சொல்லு, திரும்புவம்" எண்டு என்னைக் கூப்பிட்டுக் கத்துறார். எங்கயோ ஒரு எஞ்சின் சத்தம் கேக்குது. எந்தப் பக்கமெண்டு பிடிபடேல்லை. மேகம் திரும்ப மூடி, சூரியன் இருந்த இடமே தெரியேல்லை. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்திருந்தா எனக்கும் பயமெண்டு என்ர முகத்தில தெரிஞ்சிருக்கும்.

பக்கத்துப் பாய்க்காரி, நீ நித்திரையோ? இல்லையெண்டா கேள். மெல்லமாத்தான் சொல்லுவன், அம்மா எழும்பிடுவா. நீ திருகோணமலைக்காரி, எங்கட கடல் உனக்குத் தெரியாது. முதல்ல இருந்து சொல்லுறன்.

சண்டை திரும்பத் தொடங்கினாப்பிறகு மன்னாரில எங்கட ஊர்ச் சனம் முழுக்க வேதக்கோயிலுக்குள்ளதான் கிடந்தது. அப்பா போறணைக்காரர். இரவு முழுக்கப் பாண் போடுவார், பகல் முழுக்க நித்திரை. கோயில்ல இருக்கிற சனத்துக்குச் சாப்பாடில்லை, பேக்கரியில இன்னும் மா கிடக்கு எண்டு சொல்லி அவர் நிண்டிட்டார். "மா முடிஞ்ச உடன அடுத்த வள்ளத்தில வாறன், நீங்கள் போங்கோ" எண்டார். அம்மா, நான், லோசி, அம்மான்ர தம்பி வலன்ரைன் மாமா, நாலு பேரும் வள்ளத்தில ஏறினம். சிலாவத்துறை ஸுஹறா அக்காவும் அதிலதான் வந்தவ. அவவின்ர மனிசன் முதலே இராமேஸ்வரம் போயிட்டார். அவ வயித்தில பிள்ளையோட தனிய.

வள்ளம் ஓட்டின இன்னாசிமுத்து அண்ணை இந்தியாக் கரை மட்டும் வரமாட்டார். தீடையில இறக்கிவிடுவார். தீடை எண்டா நடுக்கடலில கிடக்கிற மணல் திட்டு. தலைமன்னாரில இருந்து இராமேஸ்வரம் மட்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கிடக்கு. எல்லாரையும் அதே தீடையிலதான் இறக்கிறவராம். விடியமுதல் இருட்டுக்க இறக்கிப்போட்டுக் கையைக் காட்டினார்.

"இப்பிடியே மேற்கால நடவுங்கோ. இடையில தண்ணி வரும், நடந்தே கடக்கலாம். அங்கால தீடைக்கு இந்தியாக்காரன்ர வள்ளம் வரும். பின்னேரம் தண்ணி ஏறிடும், அதுக்கு முதல் கடந்திடுங்கோ. மற்றப் பக்கம் மட்டும் போயிடாதேங்கோ. அங்க நேவி நிக்கும்."

அவர் போனதும் மழை வந்தது. ஆனி மாசத்தில மன்னாரில மழையெண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம். எங்களுக்கெண்டே வந்த மழை. அம்மான்ர சிவப்புச் சேலையை விரிச்சு லோசியை மூடிக்கொண்டு அதுக்குக் கீழ குந்தியிருந்தம். மழை விட, விடிஞ்சிருக்கு. ஆனா சூரியனைக் காணேல்லை. மேலயும் சாம்பல், கடலும் சாம்பல். எங்கட காலடியெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு. காத்தும் செத்துப்போச்சு. இன்னாசிமுத்து அண்ணை கை காட்டின பக்கம் எதெண்டு கேட்டா அம்மா ஒரு பக்கம் காட்டுறா, மாமா அதுக்கு நேரெதிர் காட்டுறார்.

"ஸுஹறா, நீயாவது பாத்தனியோ?" எண்டு அம்மா கேட்டா.

"நான் வள்ளத்தில ஏறின நேரம் மூடின கண் அக்கா. மணல் காலில பட்டாப்பிறகுதான் திறந்தனான்."

லோசிக்குக் காய்ச்சல் கூடிக்கொண்டு போகுது. கொண்டுவந்த தண்ணியில மிச்சமிருந்ததை அவனுக்குப் பருக்கி முடிச்சாச்சு. அவன் இன்னும் கேக்கிறான். பிழையான பக்கம் போனா நேவி, போகாமல் இருந்தா அவன் தாங்கமாட்டான். அதுதான் நிலைமை.

மத்தியானம் மேகம் கொஞ்சம் கிழிஞ்சுது. சூரியன் நேரா உச்சந்தலையில நிக்குது. மாமா ஓடிப்போய்க் கரை ஒதுங்கிக் கிடந்த ஒரு தடியை எடுத்து மணலில நட்டார். நிழல் ஒரு சாண் கூட வராது.

"இதுதான் வடக்கு" எண்டு நிழலைக் காட்டினார். "உச்சி நேரத்து நிழல் வடக்கால விழும். அப்ப இடக்கைப் பக்கம் மேற்கு. தூக்குங்கோ சாமானை."

"அதெப்பிடி உனக்குத் தெரியும்?" எண்டா அம்மா.

"அக்கா, நான் லொறி ஓடுறவன். மாசி மாசம் நெல்லேத்தப் போனா வயல் றோட்டில லொறியை நிப்பாட்டிப்போட்டு அதின்ர வடக்குப் பக்கத்து நிழலிலதான் சாப்பிடுறனான். ஒருநாளும் பிழைச்சதில்லை."

எல்லாரும் எழும்பிட்டினம். நான் அந்த நிழலையே பாத்துக்கொண்டு நிண்டனான். ஏதோ சரியில்லை. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை. அப்ப அம்மா தோளில போட்டிருந்த சிவப்புச் சேலையைப் பாத்தன். அதில அங்கங்க வெளிறின பட்டை இருக்கு, சன்னல் கம்பி மாதிரி.

எங்கட கோயில்ல பீடம் கிழக்கால. உள்ளுக்க போனா இடக்கைப் பக்கம், வடக்கால, பெண்கள்; வலக்கைப் பக்கம், தெற்கால, ஆம்பிளையள். சன்னலுக்குக் கதவில்லை, கம்பி மட்டும்தான். ஆனி மாசம் வந்தா பூசை நேரம் முழுக்க எங்கட பக்கச் சன்னலால வெயில் வந்து மூஞ்சையில அடிக்கும். அதால குமர்ப் பிள்ளையள் நாங்கள் வீட்டில இருந்து பழைய சேலை கொண்டுபோய்ச் சன்னலில கட்டுறனாங்கள். ஆற்ற அம்மான்ர சேலை வடிவெண்டு அதுக்கொரு போட்டி. யேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யுவானியாரின்ர திருநாளுக்குச் சுவாமி பிரசங்கத்தில பகிடி விடுவார், "இண்டைக்குக் கோயில் கலியாண வீடு மாதிரிக் கிடக்கு" எண்டு. பிறகு சொல்லுவார், சூரியன் வடக்கால போகக்கூடிய தூரம் மட்டும் போய் நிண்டு திரும்பிற நாளையொட்டித்தான் யுவானியாருக்குத் திருநாள் வைச்சிருக்கு, இனிப் பகல் குறைஞ்சுகொண்டே போகும், யேசு பிறக்க முதல் சூரியன் தெற்கு எல்லையில திரும்பும், பிறகு பகல் வளரும் எண்டு. நான் அதை ஒருநாளும் காது குடுத்துக் கேட்டதில்லை. சேலை விழாமல் இருக்கோ எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பன். ஆனா காதுக்குள்ள கிடந்திருக்கு.

நாங்கள் தீடையில நிண்டது யுவானியார் திருநாள் அண்டைக்கு.

"மாமா, நில்லுங்கோ. மார்கழியில, நத்தார்ப் பகல் பூசையில வெயில் ஆற்ற பக்கம் அடிக்கும்?"

"இப்ப என்னடி நத்தார்? எங்கட பக்கம்தான். போன நத்தாருக்கு என்ர முதுகு வெந்து போச்சு."

"யுவானியார் திருநாளுக்கு?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"அவன் கோயிலுக்கு வாறது நத்தாருக்கு மட்டும்தானே" எண்டா அம்மா. அந்தப் பயத்துக்குள்ளயும் ஸுஹறா அக்காக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"மாமா, மார்கழியிலயும் மாசியிலயும் சூரியன் எங்களுக்குத் தெற்கால நிக்கும். அதால உங்கட லொறிக்கு நிழல் வடக்கால. ஆனா இப்ப ஆனி. சூரியன் எங்களைத் தாண்டி வடக்கால போய் நிக்குது. அப்ப நிழல் தெற்காலதான் விழும். நீங்கள் காட்டுறது மேற்கில்லை. தலைமன்னார்."

மாமா தடியைப் பாத்தார், என்னைப் பாத்தார். "பள்ளிக்கூடத்தில படிப்பிச்சதோ?"

"இல்லை. சேலை கட்டினது."

"சேலை கட்டினதை வச்சு அஞ்சு சீவனைக் கடலுக்க இறக்கச் சொல்லுறாய்."

"ஆறு" எண்டா ஸுஹறா அக்கா, வயித்தைத் தொட்டு.

அம்மா தோளில கிடந்த சேலையை எடுத்து அந்த வெளிறின பட்டையைக் கையால தடவினா. எத்தினை ஆனி மாச வெயில் அதில கிடக்கு. பிறகு மாமாட்டச் சொன்னா, "தம்பி, பெட்டியைத் தூக்கு. பிள்ளை சொல்லுற பக்கம் போவம்."

"கொஞ்சம் பொறுங்கோ" எண்டா ஸுஹறா அக்கா. "புள்ள, அப்ப மேற்கு இதுதானே? விடியவும் திசை தெரியாமல்தான் தொழுதனான்." மணலில நிண்டு சுருக்கமாத் தொழுதுபோட்டு எழும்பினா. "உங்கட கோயில் சன்னலை வச்சு நான் கிப்லா பாத்தனான் எண்டு சிலாவத்துறையில சொல்லிப்போடாதை."

அம்மா சேலையை அந்தத் தடியிலயே கட்டிவிட்டா. அப்பாவும் இதே தீடையிலதான் வந்து இறங்குவார், கண்டா நாங்கள் உயிரோட இதால போனதெண்டு தெரியட்டும் எண்டு. காத்தில்லாததால சேலை தடியோட ஒட்டிக்கொண்டு தொங்கிச்சுது.

நடக்கத் தொடங்கின கொஞ்சத்திலயே மேகம் மூடிட்டுது. பிறகு அந்தத் தண்ணி. முதல்ல சொன்னனே, இடுப்பளவில நிண்டு எஞ்சின் சத்தம் கேட்டமெண்டு. திரும்பவும் ஏலாது, பின்னுக்கு இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு காலா வச்சுப் பாத்து வச்சுப் பாத்துப் போறன். திடீரெண்டு தண்ணி தொடைக்கு இறங்கிச்சுது. பிறகு முழங்கால். மணல். நாங்கள் அங்கால தீடையில ஏறிட்டம்.

ஏறவும் அந்த எஞ்சின் எங்களுக்கு முன்னால வந்திட்டுது. மாமா எங்கள் எல்லாரையும் தனக்குப் பின்னால தள்ளிப்போட்டுக் கையை ரெண்டையும் தூக்கிக்கொண்டு நிண்டார். வள்ளத்தில ஒரு மனிசன் தலையில துண்டு கட்டிக்கொண்டு நிக்கிறார்.

"ஏம்மா, புள்ளைக்கு என்னாச்சு? தண்ணி வேணுமா?"

அந்தக் கதையைக் கேட்டதும் மாமா அப்பிடியே மணலில முழங்காலில இருந்திட்டார். எங்கட ஊரில ஆர் அப்பிடிக் கதைக்கிறது? இந்தியா. லோசி அந்த மனிசன்ர போத்தலைப் பிடிச்சு மடக்கு மடக்கெண்டு குடிச்சான். குடிச்சுப்போட்டு "இன்னும்" எண்டான். அம்மா அப்பத்தான் அழுதா.

வள்ளத்தில ஏறினாப்பிறகு சோளகக் காத்து, தென்மேற்கால வாற காத்து, தொடங்கிச்சுது. "இப்பத்தான் வாறார் துரை. காலமை வந்திருந்தா இவளிட்ட நான் இவ்வளவு பேச்சு வாங்கியிருக்கமாட்டன்" எண்டார் மாமா. அந்த இந்தியா மனிசனுக்குச் சொன்னார், இராமேஸ்வரத்தில பதிவு எழுதினவருக்குச் சொன்னார், இந்த மண்டபம் முகாமில சோத்துக்கு வரிசையில நிண்ட ஆக்களுக்கும் சொல்லிப்போட்டார், "என்ர மருமகள்தான் எங்களைக் கொண்டுவந்து சேத்தது, சேலையை வச்சு" எண்டு. இனி யுவானியார் திருநாளுக்கும் பூசைக்கு வருவாராம். லோசிக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. உங்க பார், வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான். ஸுஹறா அக்கான்ர மனிசன் இண்டைக்குப் பின்னேரம் வந்து அவவைக் கண்டிட்டார். எனக்கு எவ்வளவு பெருமையெண்டு உனக்குச் சொல்லத் தெரியேல்லை. என்ர வாழ்க்கையில முதல்தரம் நான் சொன்னதைப் பெரியாக்கள் கேட்டவை, அது சரியாவும் வந்தது.

ஆனா நித்திரை வருகுதில்லை. ஏனெண்டு சொல்லுறன், அம்மாட்டச் சொல்லிப்போடாதை.

வள்ளம் வெளிக்கிடேக்க நான் திரும்பிப் பாத்தனான். தூரத்தில அந்தச் சேலை சின்னச் சிவப்பாத் தெரிஞ்சுது. காத்து வந்ததால எழும்பிப் பறந்துகொண்டு நிண்டது. கொடி மாதிரி. வெண்டிட்டம் எண்டு சந்தோசமாக் கை காட்டினனான். இப்ப படுத்துக்கிடந்து யோசிக்கத்தான் பிடிபடுது, சோளகம் எங்கட பக்கத்தில இருந்து அடிச்சது. சேலை கை நீட்டின மாதிரித் தலைமன்னார்ப் பக்கம்தான், நேவி நிக்கிற பக்கம்தான் பறந்தது.

மா இண்டைக்கோ நாளைக்கோ முடிஞ்சிடும். அப்பாவும் இருட்டுக்கதான் இறங்குவார். தெரியாத இடத்தில திசை மாறிப்போனா, விடிய அவர் முதல்ல காணப்போறது அந்தச் சேலையைத்தான். அம்மான்ர சேலையெண்டு தூரத்திலயே அடையாளம் பிடிப்பார். அவர் இருக்கிறது ஆம்பிளையள் பக்கம், அதுவும் விடியப்பூசைக்கு மட்டும். மத்தியானச் சூரியனைக் கண்ட ஆளில்லை. எங்கட பக்கத்து வெயில் அவருக்குத் தெரியுமோ எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ சொல்லு. அந்தச் சேலையைக் கண்டா அப்பா எந்தப் பக்கம் நடப்பார்?