முப்பத்தைந்து கிராம் வெளிச்சம்

சமையலறைத் தராசைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து, கெர்லோஃப் தன் மனைவியின் உள்ளாடைகளை நிறுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய சைக்கிள் கூட்டாளி வுப்பே எதிரே உட்கார்ந்து காபி குடித்தபடி இளித்துக்கொண்டிருந்தான். கோடைப் பயணம் புறப்படுவதற்கு முன் வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான் இது. கூடாரம், அடுப்பு, தூங்கும் பை என்று எல்லாம் தராசில் ஏறி இறங்க வேண்டும். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதி அறுத்து எறிந்திருந்தான் மனுஷன். நார்வே வரைபடத்தில் எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அச்சடித்திருந்த ஓரத்தைக்கூடக் கத்தரித்துக் குப்பையில் போட்டாயிற்று. கார் வாங்குகிற காசைச் சைக்கிளில் கொட்டிவிட்டுக் காகிதத்தில் கஞ்சத்தனம்! யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான்.

மனைவி ஹிஸ்கேவுக்கு உள்ளாடையைப் பற்றிக் கவலையில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொரணையெல்லாம் மரத்துப்போயிருந்தது. அவள் கண் மேசை மூலையில் கிடந்த சின்ன விளக்கின் மேலேயே இருந்தது. பட்டை வைத்து நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கு. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கைப்பிடியில் மாட்டுகிற விளக்கு நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் செங்கல் கனம் கனத்தது. சக்கரம் சுற்றினால் எரிகிற விளக்குக்குச் சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். கூடாரத்துக்குள் தொங்கவிடுகிற விளக்கு அழகு, ரோட்டுக்கு உதவாது. எல்லாவற்றிலும் லேசான ஒன்று மின்மினிப் பூச்சியோடு போட்டி போட்டால் தோற்றுவிடும். கடைசியில்தான் இது கிடைத்தது. முப்பத்தைந்து கிராம். இதற்கு யார் குறை சொல்ல முடியும் என்று நம்பினாள், பாவம்.

"இது எதுக்கு?" என்றான் கெர்லோஃப்.

"ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னுதான்."

"ஜூன் மாசம் அங்க சூரியனே மறையாது. நடுராத்திரியில பேப்பர் படிக்கலாம். நீ லைட் அடிச்சு சூரியனைத் தேடப்போறியா?"

வுப்பேவுக்குக் காபி புரை ஏறிவிட்டது. முப்பத்தைந்து கிராம் என்றாலும் அது முப்பத்தைந்து கிராம்தான் என்று தீர்ப்புச் சொல்லி, கெர்லோஃப் விளக்கை மேசை இழுப்பறைக்குள் தள்ளினான். போன வருஷம் அர்தென் மலைகளில் சைக்கிள் மிதித்தபோது ஹிஸ்கே பின்தங்கினாள் என்று பாதி வழியில் அவளையும் சைக்கிளையும் ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அனுப்பியதோடு விட்டானா? எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்தில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார்கள். அந்த வருஷம் எந்த வீட்டு வட்டத்தில் உட்கார்ந்தாலும் கெர்லோஃப் அவிழ்த்துவிட்டது அந்த ஒரே கதையைத்தான். அவள் பிளாட்பாரத்தில் மூக்கைச் சிந்தியதை நடித்தே காட்டுவான். அவளுடைய சொந்தத் தங்கச்சியே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இந்தத் தடவை செத்தாலும் சரி, திருப்பி அனுப்பப்படக் கூடாது. ஹிஸ்கே அந்த ஒரே வைராக்கியத்தோடுதான் கிளம்பினாள். கிளம்புகிற அன்று காலையில் விளக்கை எடுத்து ஓட்ஸ் பைக்குள் புதைத்தும் வைத்தாள்.

நார்வேயின் வடகோடியில் வெயில் ராப்பகலாக நின்றது. அந்த மட்டில் அவன் சொன்னது பொய்யில்லை. ஹிஸ்கே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அவர்கள் தின்ன நின்றால் இவள் தின்னாமல் மிதித்தாள். முழங்கால் வீங்கியதைக் காலுறையை இழுத்து மறைத்தாள். ஒரு வளைவுக்கு மேல் பின்தங்கவில்லை. கெர்லோஃபால் குறை சொல்ல முடியவில்லை, அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு மத்தியானம், கடலோர ரோடு நேரே போய் மலையின் வயிற்றுக்குள் நுழைந்துகொண்டது. சுரங்கம். உள்ளே ஒரு பல்புகூட இல்லை. விளக்கில்லாத சைக்கிளுக்கு அனுமதியில்லை என்று வாசலில் படம் போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கிற ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் ஏறி இறங்குகிற சமாசாரம். அதற்குள்ளே புகுந்து வெளியே வர வேண்டியிருக்கும் என்பது புத்தியில் உறைக்கவில்லை. சூரியன் மறையாத தேசத்துக்கு விளக்கெதற்கு என்று கேட்ட மகாபுத்திசாலி இப்போது பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே போன், அதுவும் வழி காட்டிக் காட்டிக் காலையிலேயே உயிரை விட்டிருந்தது. திரும்பிப் போய் வேறு வழி பிடித்தால், அன்று சாயங்காலம் ஏற வேண்டிய படகு போய்விடும்.

ஹிஸ்கே ஓட்ஸ் பைக்குள் கையை விட்டு விளக்கை எடுத்து, ஒட்டிய மாவை ஊதிவிட்டு நீட்டினாள். 'நல்லவேளை' என்று ஒரு வார்த்தை வரும் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். இதற்குப் பெயர் ஆசை.

"திருட்டுத்தனமா இதைச் சுமந்துகிட்டுதான் சினை மாடு மாதிரி மூச்சு வாங்கிட்டு வந்தியா?" என்றபடி கெர்லோஃப் அதைப் பிடுங்கித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டான்.

தான் முன்னால், வுப்பே நடுவில், ஹிஸ்கே கடைசி என்று வரிசையையும் அவனே சொன்னான். பின்னால் வருகிற வண்டிக்கு என்னை எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, வேகமாக மிதித்தால் எந்த வண்டியும் பின்னால் வராது என்று பதில் சொன்னான்.

சுரங்கத்துக்குள் ரோடு மேல்நோக்கி ஏறியது. முன்னால் போன விளக்கின் வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாக விலகி, வளைவில் திரும்பி, அப்படியே இல்லாமல் போயிற்று. ஹிஸ்கேவுக்குத் தன் கையே தெரியவில்லை. சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரைத் தடவினாள். ஈரப்பாறை கையை அறுத்தது.

"கெர்லோஃப், நில்லு! ஒண்ணும் தெரியல எனக்கு!"

மலை முழுக்க அவள் குரல் ஓடியது. எங்கோ முன்னாலிருந்து இரண்டு ஆண்கள் சிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு அவன் குரல், "மிதி! மிதி!" என்றது.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். டயர் கிறீச்சிட்டு, சைக்கிளின் பின்பையைத் தேய்த்துக்கொண்டு வண்டி நின்றது. மீன் ஏற்றிப்போகிற லாரி. ஓட்டி வந்த தொர்குன் என்கிற பருத்த பெண் கதவைத் திறந்து கீழே குதித்தாள். ஆங்கிலத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்ததும் ஹிஸ்கேவை முன்னால் விட்டு, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, நத்தை வேகத்தில் பின்னாலேயே வந்து வெளியே கொண்டுவந்து சேர்த்தாள்.

வெளியே ஆண்கள் இருவரும் பாறைமேல் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்தார்கள். கெர்லோஃப் எழுந்து வந்து தொர்குனுக்குக் கை கொடுத்தான். தன் மனைவிக்கு இந்தப் பயணமெல்லாம் ஒத்துவராது, அவளை அடுத்த ஊர் பஸ் நிலையத்தில் இறக்கிவிட முடியுமா, வீட்டுக்குப் போகிறாள் என்றான். ஹிஸ்கேவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! எது நடக்கக் கூடாது என்று வீங்கிய முழங்காலோடு இத்தனை தூரம் மிதித்தாளோ, அது ஒரே வாக்கியத்தில் நடந்து முடிந்தது.

தொர்குன் சைக்கிளை லாரியில் தூக்கிக் கட்டினாள். கட்டும்போது ஹிஸ்கேவிடம், "அந்த ரெண்டு பேர்கிட்டயும் லைட் இருக்கா? இந்த வளைவு தாண்டினா இன்னொரு சுரங்கம், படகுக்கு அது ஒண்ணுதான் வழி. இதைவிட ரொம்ப நீளம். ஒதுங்கி நிக்க ஓரம்கூடக் கிடையாது," என்றாள்.

"இருக்கு, நெத்தியில கட்டியிருக்கார்," என்றாள் ஹிஸ்கே. அப்போது அது உண்மைதான்.

அவள் கெர்லோஃபிடம் போனாள். எச்சரிக்கத்தான் போனாள், அதில் சந்தேகமில்லை.

"கெர்லோஃப், அந்தப் பக்கம் இன்னொரு..."

"போதும், புலம்பாத." அவன் நெற்றியிலிருந்து விளக்கைக் கழற்றி அவள் உள்ளங்கையில் போட்டான். "உன் சாமானை நீயே தூக்கிட்டுப் போ. சுரங்கம் முடிஞ்சுது, இதைச் சுமக்க எனக்கென்ன தலையெழுத்து?"

வுப்பே வாயில் ரொட்டியோடு கையை ஆட்டி டாட்டா காட்டினான்.

ஹிஸ்கே திறந்த வாயை மூடிக்கொண்டாள். விளக்கின் பட்டை அவன் வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. ஒரு வார்த்தைதான். சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவள் விளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தாள். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு இப்படி இருந்ததே இல்லை.

இரண்டாவது சுரங்கம் முதலாவதைவிடக் குறுகலாக இருந்தது. எதிரே ஒரு லாரி வந்தபோது தொர்குன் வண்டியைச் சுவரோடு சுவராக ஒட்டினாள். பிறகு ஹிஸ்கேவின் சட்டைப்பையிலிருந்து தொங்கிய பட்டையைப் பார்த்தாள்.

"அது அவரோட லைட்டுதானே?"

"இல்ல, என்னோடது."

"அப்ப அவங்களுக்கு?"

தொர்குனின் கால் பிரேக்கை நோக்கிப் போவது தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி திருப்ப இடம் விட்டிருப்பதாக நீலப் பலகை ஒன்று மின்னியது.

"வேற வச்சிருக்காங்க," என்றாள் ஹிஸ்கே.

பலகை பின்னால் போயிற்று. தொர்குன் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து மீன் வடையை நீட்டினாள். ஹிஸ்கே இரண்டு எடுத்துக்கொண்டாள். நல்ல பசி. அவசரமில்லாமல் மென்று தின்றாள்.