எட்டு இஞ்சு குறைந்த கரை

வெடிக்குக் கோபம் வந்தால் அது மூக்குக்கு மேலே நிற்பதில்லை, நேராகக் கைக்கு இறங்கிவிடும். வெடி என்று பேர் வைத்தது சிறைதான் என்றாலும் அந்தப் பேருக்குத் தகுந்தபடி அவர் வெளியிலேயே ஒரு சுற்று வாழ்ந்து முடித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் முன்பற்கள், லாரி ஓட்டி வந்த ஒருவனின் விலா எலும்பு, கடைசியாக மனைவியின் தம்பி. மதில் சுவரை எங்கே எழுப்புவது என்ற தகராறில் மச்சானின் தலையில் கடப்பாரையை இறக்கினார். ஒரே அடி. ஆயுள் தண்டனையில் இது ஒன்பதாவது வருஷம்.

உள்ளே வந்தும் புத்தி வந்துவிடவில்லை. முதல் ஐந்து வருஷத்தில் அவர் கை படாத முகம் அந்தப் பிளாக்கில் குறைவு. தனியறையில் போட்டுப் போட்டு அலுத்துப்போன சூப்பிரண்டு, தொலைந்து போ என்று தையல் ஷெட்டுக்கு அனுப்பினார். அங்கே கத்தரியெல்லாம் மேசையோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். சங்கிலியின் நீளத்துக்குத்தான் வெட்டலாம், யாரையாவது குத்த வேண்டுமென்றால் அவனாக வந்து பக்கத்தில் நின்றால்தான் உண்டு. முதல் வாரம் வெடி எரிச்சலில் ஊசியாய் உடைத்துத் தள்ளினார். இரண்டாம் மாதம் அவர் போட்ட தையல் நேராக ஓடியது. அது ஏன் தனக்கு அத்தனை பிடித்துப்போனது என்று அவருக்கே விளங்கவில்லை.

மகளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அவர் கைதானபோது அவளுக்குப் பதினாறு வயது. ஒன்பது வருஷமாக ஒரு பதில் கிடையாது, ஒரு தடவை எட்டிப் பார்த்ததும் கிடையாது. கல்யாணம் ஆனதும் பெண் குழந்தை பிறந்ததும் மனைவி சொல்லித்தான் தெரியும். அப்படியிருக்க, திடீரென்று மூன்றே வரியில் ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன், குழந்தையையும் தூக்கி வருகிறேன், உங்களை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வெடி அந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

பேத்திக்கு ஓர் ஒட்டுப்போர்வை. முடிவு செய்ய அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆயத்த ஆடைக் கம்பெனி கழித்துக்கட்டிய துண்டுத் துணிகள் ஷெட்டுக்கு மூட்டை மூட்டையாக வரும். அதைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து மேல்துணி தைப்பதுதான் அங்கே வேலை. பஞ்சும் அடித்துணியும் வைத்து முடிப்பதை வெளியே யாரோ செய்வார்கள். தைத்ததை ஷெட்டின் தையல் மாஸ்டர் அனுமதித்தால் பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுக்கலாம். முப்பது இஞ்சு அகலம், நாற்பது இஞ்சு நீளம். வாத்து போட்ட மஞ்சள், கோடு போட்ட நீலம், கத்தரிப்பூ நிறம் என்று கட்டங்கள் பதினோரு நாளில் சேர்ந்துவிட்டன. பாக்கி இருந்தது சுற்றிலும் வைக்கிற கரை ஒன்றுதான்.

கரைதான் அவரைப் படுத்தி எடுத்தது. நடுவில் எத்தனை துண்டும் இருக்கலாம், கரை மட்டும் ஒட்டில்லாமல் ஒரே நீளமாக ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒட்டில்லாத நீளத்துக்கு ஷெட்டில் மூன்று துணிதான் உண்டு. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வந்த சிவப்புப் போர்வையை அவர் தொடவில்லை. மச்சான் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், ஐந்து நிமிஷத்தில் அது என்ன நிறமாயிற்று என்று பார்த்தவர் அவர். இரண்டாவது, கைதிகளின் பழைய வெள்ளைச் சீருடைத் துணி. அது மலையாகக் குவிந்து கிடந்தது. மூன்றாவது, சூப்பிரண்டு அறையில் மாட்டியிருந்து கழற்றிய பச்சைத் திரை. வெயில் பட்டு லேசாக வெளுத்திருந்தாலும் இலைப்பச்சை இலைப்பச்சைதான். அதை மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது வெடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரையை மாஸ்டர் இரண்டாகக் கிழித்துப் பாதியை அவரிடமும் பாதியைக் கோழியிடமும் கொடுத்திருந்தார். கோழி என்றதும் சாது என்று நினைத்துவிடக் கூடாது, கழுத்தைத் திருகியதால் வந்த பேர் அது. திருகியது கோழிக் கழுத்தும் அல்ல. முப்பது வயதுகூட ஆகாத, கதவை அடைக்கிற உடம்பு. பச்சைத் துணியில் தனக்கு ஒரு தலையணை உறை தைக்கப் போவதாகச் சொல்லி அலமாரியில் வைத்திருந்தான், ஊசியை மட்டும் தொட்டபாடில்லை.

புதன்கிழமை வெடி தன் பங்கிலிருந்து நாலு இஞ்சு அகலத்தில் நாலு கீற்று வெட்டினார். பக்கத்துக்கு நாற்பது நாற்பது, மேலுக்கும் கீழுக்கும் முப்பது முப்பது. பக்கக் கரைகளை வைத்து ஓட்டி, இஸ்திரி போட்டு, மேல் கரையை எடுத்துப் பிடித்தவருக்கு முகம் செத்துப்போயிற்று. எட்டு இஞ்சு குறைந்தது. பக்கக் கரை இரண்டும் ஏறியதும் மேல்துணி முப்பத்தெட்டு இஞ்சாக அகலும் என்பதைத் தலையில் போட்டுக்கொள்ளாமலே வெட்டியிருந்தார். நாலு வருஷம் தைத்த ஆள் செய்கிற தப்பா அது? துணியும் தீர்ந்திருந்தது. மிஷினை ஓங்கிக் குத்தப் போன கையைப் பாதியில் நிறுத்தித் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து மிஷினில் இருந்த, கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள் எழுந்து வந்து பார்த்தார். போலிச் சான்றிதழ் தயாரித்து மாட்டிக்கொண்டவர். முத்திரைக்கு முத்திரை அச்சு அசலாக வரைந்த விரல்கள், துணியிலும் பிசகாது.

"நாலு மூலைக்கும் நாலு சதுரம் வெச்சா தீந்துபோச்சு. கணக்கா வரும். வெள்ளைத் துணிதான் கிடக்குதே," என்றார்.

"கைதித் துணி என் பேத்தி மேல படக் கூடாது."

"அப்போ தாத்தா கையும்தான் படக் கூடாது."

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பான். வெடி பல்லைக் கடித்தார். கண்ணாடி பொறுமையாக எடுத்துச் சொன்னார், கோழியிடம் போக வேண்டாம், அவன் சும்மா தரமாட்டான், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், வெள்ளிக்கிழமை போய்விடும் என்று. யார் ஆரம்பித்தாலும் சரி, சண்டையில் கை ஓங்கிய இருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஷெட்டும் கிடையாது, பார்க்க வருகிறவர்களும் கிடையாது. அதில் சிறை கண்டிப்பு. வெடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் டீக்கு மணி அடித்ததும் துணி அறைக்குள் கோழியின் பின்னாலேயே போனார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமாக இருந்திருந்தால் அவர் ஏன் சிறைக்கு வருகிறார்?

தம்பி என்றுதான் ஆரம்பித்தார். இரண்டே கீற்று போதும், பதிலுக்கு உறையைத் தானே தைத்துத் தருகிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பணிந்து பேசியது அதுதான் முதல் தடவை. கோழிக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்து திரையை எடுத்து மடிப்புப் பிரித்தான். மண்டி போட்டுக் கேட்கச் சொன்னான். வெடி மண்டி போட்டார். மச்சானைப் போட்டது எந்தக் கை, காட்டு என்றான். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். கோழி துணி அளக்கிற மரக் கெஜக்கோலை எடுத்து அந்தக் கையின் மேலேயே முதல் அடியைப் போட்டான்.

இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வெடி இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் அலமாரிக் காலைப் பிடித்துக்கொண்டார். கோழி எட்டி விலாவில் மிதித்தான். மிதித்த காலை அவன் கீழே வைப்பதற்குள் முட்டியைப் பிடித்துத் திருகினால் ஆள் சாய்வான், சாய்ந்தவன் கழுத்து கைக்கு எட்டும், அப்புறம் ஒரு மூச்சு நேரம் போதும். வெடிக்கு அது அத்தனையும் தெரிந்தது. கை பரபரத்தது. உடம்பு முழுக்க அந்த ஒரு வேலைக்காக ஏங்கியது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இரும்புக் காலை இறுக்கினார். கோல் வாயில் விழுந்து மேல் வரிசையில் இரண்டு பல் போயிற்று. அதைக்கூடத் துப்பாமல் விழுங்கினார்.

எதிர்த்து அடிக்காதவனை அடிப்பதில் கோழிக்குச் சீக்கிரமே சலிப்புத் தட்டியது. கோலைத் தூரப் போட்டுவிட்டுப் பச்சைத் திரையைக் கையாலேயே கைக்குட்டை கைக்குட்டையாகக் கிழித்தான். ஒன்றை அவர் முகத்தில் எறிந்து, துடைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

வார்டர் கேட்டபோது வழுக்கி விழுந்துவிட்டதாக வெடி சொன்னார். வழுக்கினால் கையில் கோல் தடம் விழுமா என்று அந்த மனிதர் கேட்கவில்லை, சண்டை என்று எழுதினால் அவருக்கும்தான் தலைவலி. மருந்தறையில் புருவத்துக்கு நாலு தையல் போட்டார்கள். வெடிக்குத் தன் முகத்தைப் பார்க்க முடிந்திருந்தால் அதைப் பிரித்துவிட்டு ஒழுங்காகப் போடச் சொல்லியிருப்பார், அவ்வளவு கோணல். ஷெட்டுக்குத் திரும்பியபோது கண்ணாடி வெள்ளைத் துணியில் நாலு சதுரம் வெட்டி வைத்திருந்தார். வெடியின் வலது கை வீங்கித் துணியைப் பிடிக்க முடியவில்லை. கண்ணாடியே மேல் கரையையும் கீழ்க் கரையையும் மூலைகளோடு சேர்த்து ஓட்டினார். அளவு நூல் பிசகாமல் வந்தது. ரத்தம் சொட்டிவிடக் கூடாதென்று வெடி நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

பார்வையாளர் அறையில் ஒரு நீள மேசை, அதன் நடுவே மஞ்சள் கோடு, ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஒரு வார்டர். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நடையில் அப்படியே அவள் அம்மா. வெடி எழுந்து நின்றார். சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. மூடிப்போன ஒரு கண்ணையும் வாயின் ஓட்டையையும் பார்த்த குழந்தை வீறிட்டு அழுதது. மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

மேல்துணியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். புருவம், உதடு, கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் இறுகியது.

"இன்னும் அடிதடிதானா?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"அவன்தான் முதல்ல கை வெச்சான்னு சொல்லப் போறீங்க. மாமா விஷயத்துலயும் கோர்ட்ல அதைத்தானே சொன்னீங்க. அம்மாவையும் சொல்ல வெச்சீங்க."

நான் கையே ஓங்கவில்லை, அவன்தான் அடித்தான், உனக்காக அலமாரிக் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்றுதான் வெடி சொல்ல வந்தார். அது உண்மை. அவர் வாழ்க்கையில் அந்த வாக்கியம் உண்மையாக இருந்தது அந்த ஒரு தடவைதான். கோர்ட்டில் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் தூக்கிலிருந்து தப்பினார். மச்சான் மண்வெட்டியை ஓங்கியதாகச் சாட்சிக் கூண்டில் மனைவி சொன்னாள், செத்துப்போன சொந்தத் தம்பிமேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பாதி நாள் அவரே அதை நம்பிவிட்டிருந்தார். இப்போது எதைச் சொன்னாலும் மகள் காதில் அந்தப் பொய்தான் விழும்.

"மாமா கை வெக்கலம்மா," என்றார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து பேச்சு நசுங்கியது. "அவன் சும்மா நின்னுக்கிட்டிருந்தான். கையில எதுவும் இல்ல. கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தான். நான்தான் அடிச்சேன்."

மகள் குழந்தையை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றினாள்.

"தெரியும். மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். பாத்தேன்," என்றாள். சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி எட்டி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

வீங்கிய பக்கத்திலேயே விழுந்தது. புருவத்துத் தையல் ஒன்று விட்டுப்போய் ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. வார்டர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கை ஓங்கியது பார்க்க வந்தவர்களாக இருந்தால் அவர்களுக்கு உள்ளே வரவே தடை விழும்.

"ஒண்ணும் இல்ல சார், உக்காருங்க. என் மகதான்," என்றார் வெடி.

வார்டர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்த குழந்தை அறைந்த சத்தத்தில் மூச்சை அடக்கியிருந்தது. மகளின் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. அதை விரித்துப் பார்த்தாள். அவள் போய்விடுவாள் என்றுதான் வெடி நினைத்தார். தடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேல்துணியை எடுத்து மடியில் போட்டு, குழந்தையை அதன்மேல் உட்கார்த்திக்கொண்டாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள்.