ஆவியில் பிரிந்த எள்ளுருண்டைகள்

1

இந்தக் கதை விராலிமலையில் கிடைத்தது. பஸ் நின்ற இடத்துப் பெட்டிக்கடையில் எள்ளுருண்டை கேட்டேன். கடைக்காரர் பாட்டிலுக்குள் கைவிட்டார். இரண்டு எள்ளுருண்டையும் ஒரு பொரியுருண்டையும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டேன். பள்ளிப் புத்தகத்தில் நீரின் துகளை இப்படித்தான் வரைந்திருப்பார்கள்: ஒரே மாதிரி இரண்டு, வேறு மாதிரி ஒன்று. இலுப்பூர் வருவதற்குள் துகளைத் தின்றுவிட்டேன். கதை மிஞ்சியது. அது முழுக்கக் கற்பனை.

2

"1939, ஆடி மாதம். இலுப்பூர் வானம் கறுத்துத் திரண்டு—"

வேண்டாம். எங்கள் பக்கத்து வானம் அவ்வளவு சுலபமாகக் கறுக்காது.

செபமாலை அந்த ஊர்ப் பள்ளியில் ஆறு மாதமாக ஆக்டிங் வாத்தியார். இன்ஸ்பெக்டர் பாடத்தைப் பார்த்து, விசிட் புத்தகத்தில் நல்லதாக ஒரு வரி எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாடம்: தனிமம், சேர்மம், கலவை. (அந்தக் காலத்தில் வேறு சொற்கள் வழங்கின. நான் இன்றையதைப் போடுகிறேன்.) பள்ளியில் இருந்த ஒரே உபகரணம் நசுங்கிய பூகோள உருண்டை. ஆகவே அவர் அழகியின் பலகாரக் கடையில் நெல்லிக்காய் அளவில் கறுப்பு எள்ளுருண்டையும் வெள்ளைப் பொரியுருண்டையும் வாங்கி, மூன்றடுக்குத் தூக்கில் அடுக்கினார். மேலடுக்கில் எள்ளுருண்டை மட்டும்: தனிமம். நடு அடுக்கில் இரண்டு கறுப்பும் ஒரு வெள்ளையுமாகப் பாகு வைத்து ஒட்டியவை: சேர்மம். கீழே கறுப்பும் வெள்ளையும் ஒட்டாமல் கிடந்தன: கலவை.

பள்ளியில் எறும்பு. "காலையில எடுத்துக்கிறேன், உறியில வச்சிருங்க அழகியக்கா" என்று கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருப்பது என்ன, எதற்கு என்று சொல்லவில்லை. அதுதான் தப்பு.

3

இன்ஸ்பெக்டரை முதலில் மீசையும் பிரம்புமாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன். இப்போது ஆத்மநாதன் என்ற அந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். விடியலில் மாட்டுவண்டி ஏறியவர், இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. (இந்தப் பசி பின்னால் தேவைப்படும்.)

அழகியே தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்றாள். செபமாலை, "இது சேர்மம்" என்று நடு அடுக்கைத் திறந்தார். எல்லாம் தனித்தனியாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தன.

"சேர்மம்னீங்களே, எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

செபமாலை அடுக்கைக் குலுக்கிப் பார்த்தார்.

"எப்படி வச்சீங்களோ வாத்தியாரே, எல்லாம் ஒட்டிப்போச்சு" என்றாள் அழகி. "எங்கடை உருண்டை ஒட்டும்னு நாளைக்கி ஊரு பேசும்ல? சோத்துப்பானை ஆவியில காட்டி ஒண்ணொண்ணாப் பிரிச்சேன்."

"கீழ் அடுக்கையும் பிரிச்சீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுல என்னங்க இருக்கு பிரிக்க? சும்மா கெடந்துச்சு. வேணும்னா கையாலயே கறுப்ப அங்கிட்டு, வெள்ளைய இங்கிட்டுப் பொறுக்கிடலாம். நடுவுல உள்ளதுதான் பாடாப் படுத்திருச்சு. அதுலயும் பாருங்க, எதை எடுத்தாலும் ரெண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. யாரோ எண்ணி ஒட்டுன மாதிரி."

"நான்தான் ஒட்டுனேன்" என்றார் செபமாலை, ஈனக்குரலில். பிறகு குரல் வந்தது. "ஐயா, அக்கா சொன்னதுதான் இன்னைக்குப் பாடம். கலவையில எது எவ்வளவு வேணாலும் கெடக்கலாம். சேர்மத்துல ஒவ்வொரு துகளும் ஒரே கணக்கு."

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் அழவைக்கலாமென்று பார்த்தேன். நேரமில்லை.)

மேலடுக்கில், வழியில் பட்ட வெயிலில் இரண்டு எள்ளுருண்டைகள் இளகி ஒட்டியிருந்தன. இன்ஸ்பெக்டர் அந்த ஜோடியைத் தூக்கிக் காட்டினார். "ஒட்டியிருக்கு. அப்ப இது சேர்மமா?"

செபமாலை வாய் திறப்பதற்குள் அழகி முந்திக்கொண்டாள். "ரெண்டும் எள்ளுதானுங்களே. ஒட்டுனாப்புல வேற பண்டமாயிருமா?"

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தனிமத்தை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் நடு அடுக்கு; அப்புறம் கீழ் அடுக்கு.

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. "இவரை நிரந்தரமாக்கலாம்." சரிதான், ஆனால் சப்பென்றிருக்கிறது.

ஆ. "பாடம் நடத்தியது பலகாரக்காரி." நியாயம்தான், ஆனால் செபமாலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இ. இன்ஸ்பெக்டர் அழகியை வாத்தியாராக—

இல்லை. நடந்ததாக நான் நினைப்பது இது. பாகு பிசுபிசுத்த விரலோடு இன்ஸ்பெக்டர் விசிட் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார், மூடினார், வண்டியேறிப் போய்விட்டார். செபமாலை திறக்கப் போனார். இரண்டு பக்கங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் எழுத்தோடு கிழியும்.

"பிடுங்காதீங்க" என்றாள் அழகி. "பானை இன்னும் சூடாத்தான் இருக்கு. வாங்க."

இப்போது இருவரும் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் செபமாலையின் கக்கத்தில். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன். ஆவியில் காட்டிப் பிரிக்கிற பக்குவம் எனக்கு வராது. நீங்கள் பிரியுங்கள், பார்த்து, மெதுவாக. மை இளகிவிடப் போகிறது.