நாற்பத்துநான்காம் வரைபடம்

செல்வமணி எட்டைத் தொடமாட்டார். எட்டு மட்டுமல்ல, கூட்டினால் எட்டு வருகிற பதினேழு, இருபத்தாறு, நாற்பத்துநான்கு எதையும் தம் வரைபடங்களுக்குப் போட்டதில்லை. தேனியில் ஏலக்காய் ட்ரையர் வடிவமைக்கும் அலுவலகம் அவருடையது. எண்பத்துநான்கு வரை ஓடிய பதிவேட்டில் ஒன்பது இடங்கள் பொக்கைப் பல்லாய் இளித்தன.

தரச்சான்றுக்காக மதுரையிலிருந்து ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்ததும், அது ஷாஜியாவின் தலையில் விடிந்தது. உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள், பி.எஸ்சி. இயற்பியல். வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்குவது அவள் வேலை, அதுவும் மூன்று மாதத் தற்காலிகம். ஆய்வாளர் கணக்கில் ஓர் எண் இல்லையென்றால் ஒரு வரைபடம் தொலைந்ததாக அர்த்தம். காரணத்தைப் பதிவேட்டிலேயே எழுதிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். படித்த மனுசர் சிரிப்பார் என்று செல்வமணி மறுத்துவிட்டார்.

"விட்டுப்போன நம்பருக்கு நீயே ஒரு வழி பண்ணும்மா. மெஷினுக்கு மட்டும் போட்றாத. சர்ட்டிபிகேட் வந்தா உன் வேலை நிரந்தரம். வரலைன்னா மூணு மாசத்தோட சரி."

மெஷினுக்குத்தானே கூடாது. ஷாஜியா டேப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றிவந்தாள். ஒரே வாரத்தில் ஒன்பது வரைபடங்களும் கோப்பில் ஏறின. செல்வமணி எண்களைச் சரிபார்த்தாரே தவிர, உள்ளே புரட்டவில்லை.

ஆய்வாளர் ஜெபராஜ் பதிவேட்டை விரலால் தடவிக்கொண்டே போய், நாற்பத்துநான்கில் நிறுத்தி, படத்தை எடுக்கச் சொன்னார்.

'முதலாளி நாற்காலி. இடது பின்கால் ஆறு மில்லிமீட்டர் குட்டை. முட்டு: காலண்டர் தாள், நான்காக மடித்தது.'

ஜெபராஜ் சிரிக்கவில்லை. போன வாரம் வரைந்ததுதானே என்று தேதியைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றாள் ஷாஜியா, தனக்கே கேட்காத குரலில். அவர் செல்வமணியை எழுப்பி, நாற்காலியைக் கவிழ்த்து, நான்கு கால்களையும் அளந்தார். ஆறு மில்லிமீட்டரேதான்.

"எத்தனையோ ஆபீஸ்ல அளந்துருக்கேம்மா. படத்துல இருக்கது பொருள்ல அப்படியே இருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சான்று தரலாம் என்று எழுதினார். அடியில் ஒரு குறிப்பும் போட்டார்: நாற்காலிக் காலைச் சரிசெய்து, திருத்திய வரைபடத்தை அடுத்த ஆண்டு ஆய்வில் காட்ட வேண்டும்.

அவர் படியிறங்கியதும் செல்வமணி லெட்டர்பேடை இழுத்தார். சான்று கைக்கு வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"அடுத்த வருசமும் வந்து நாற்காலிய கேப்பாக. நீ இல்லாட்டி நான் என்னத்தைச் சொல்ல?"

நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டு நீட்டியவர், மற்ற எண்களில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். ஷாஜியா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகே கோப்பைக் கொடுத்தாள்.

தண்ணீர் கேன், செருப்பு ஸ்டாண்டு என்று புரட்டிக்கொண்டே வந்தவரின் கை அறுபத்திரண்டில் நின்றது.

'முதலாளி, மதியத் தூக்கம். பக்கவாட்டுத் தோற்றம். வாய் திறப்பு நாற்பது மில்லிமீட்டர், கூடக்குறைய ஐந்து.'