நாற்காலியில் கிடந்த துண்டு

மனித குலத்தின் துயரத்தையே தோளில் சுமந்து திரும்பியவர் என்று அமெரிக்காவின் வெஸ்ட் வின்ட்சர் ஊரில் ஒருவரைக் காட்டச் சொன்னால், நஞ்சுண்டனைத்தான் காட்ட வேண்டும். போலந்தின் கிராக்கோ நகரில் அவர் அதைச் சுமந்தது ஒரே ஒரு மதியம். அதிலும் பாதி தயிர்சாதத்துக்குப் போய்விட்டது.

சமையல்காரரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும் ஐரோப்பியச் சுற்றுலா அது. திரும்பி வந்ததிலிருந்து, ‘இனப்படுகொலை’ என்ற சொல் வரும்போதெல்லாம் நஞ்சுண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். தமிழ்ச் சங்கத் தேர்தலில் இரண்டு தடவை தோற்ற மனிதர். ஊரின் யூத இனப்படுகொலை நினைவேந்தல் குழுவில் ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டார். நூலகத்தில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். குழுத் தலைவர் ஆட்லருக்குப் பிடித்தால் இடம் கிடைக்கும். ஆட்லரின் அம்மா கிராக்கோவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் நிறைந்திருந்தது. மகள் வெண்பா லேப்டாப்பில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு சதுக்கம், அது நிறைய உலோக நாற்காலிகள். “வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் தெருவில் விட்டுப்போன சாமான்களின் நினைவாக” என்று, காலையில் இணையத்தில் படித்ததை நஞ்சுண்டன் தழுதழுக்கச் சொன்னார். அடுத்த படத்தில் ஒரு நாற்காலி மேல் பச்சைக்கரைத் துண்டு கிடந்தது.

“அந்தத் துணியை யார் வைத்தது?” என்றார் ஆட்லர்.

முன்வரிசையில் இருந்த மனைவி பவளம் முன்னால் சாய்ந்து தமிழில் கிசுகிசுத்தாள். “ஏனுங்க, அது நம்ம துண்டுங்க.”

“சும்மா இரு பவளம்.”

“நீங்கதான சாப்பிட உட்கார சீட் பிடின்னீங்க. கைடு வந்து கத்துனான்ல.”

“டாட், ஸ்கிப் பண்ணவா?” என்றாள் வெண்பா.

நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றினார். “எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் இருக்கையில் துணி கிடந்தால், அதற்குரியவர் வருவார் என்று அர்த்தம். அவர் வரும்வரை வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.”

அன்றைய உரையில் அவர் சொந்தமாகச் சொன்னது இது ஒன்றுதான், பொய்யும் இல்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இந்த ஆண்டு நினைவு நாளில் நாமும் நாற்காலிகளில் துணி விரித்து வைப்போம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“அப்புறம் வர்றவங்க எங்க உட்காருவாங்க?” என்று பவளம் மகளிடம் கேட்டாள்.

உரை முடிந்ததும் ஆட்லர் மெதுவாக நடந்து வந்தார். “அந்தச் சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை உண்டு. யூதர் அல்லாத ஒருவர் நடத்தியது; எங்கள் ஆட்கள் பலரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர். அம்மா சாகும்வரை அதைப் பற்றியே பேசுவாள். இப்போது அருங்காட்சியகம். எனக்குத்தான் போக மனம் வரவில்லை. நீங்கள் உள்ளே போனீர்களா?”

“போனேன்.”

“எப்படி இருந்தது?”

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பவளம் தரையைப் பார்த்தாள்.

ஆட்லர் அவர் தோளில் கை வைத்தார். “புரிகிறது. சில இடங்களை வாயால் சொல்ல முடியாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். இனி நீங்கள் எங்கள் குழு.”

நஞ்சுண்டன் உள்ளே போனது வாயு மாத்திரை கேட்க. இங்கே மாத்திரை விற்பதில்லை என்றார்கள். வெளியே வந்துவிட்டார்.